மீன் கடிக்காத நாளாய்ப் பார்த்து

ஏரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் வருகிற சனிக்கிழமை நீங்களும் வந்து நிற்பீர்கள். ஏற்கனவே அங்கே மீனைவிட வள்ளம் கூட. மார்க்கம் நகரத்தைத் தாண்டி வடக்கே போகவேண்டும், அதற்கு மேல் என் வாயைக் கிண்டாதேயுங்கள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கார் ஓட்டப் பழக்குகிறவன், நாள் முழுக்க வாயால் பிழைக்கிறவன். அந்தப் பழமொழியில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

அந்த ஏரியில் பாஸ் என்று ஒரு மீன். பச்சை முதுகு, வெளிர் வயிறு, தலையில் பாதி வாய். பிடிக்கிறவர்கள் அனேகமாகப் படம் எடுத்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். இதனால் என்ன நடக்கிறது என்றால், மீன் குறைவதில்லை, மீனின் அறிவு கூடிக்கொண்டே போகிறது. ரொறன்ரோவில் உள்ள அத்தனை தூண்டிலும் அங்கேதான் வந்து விழுகிறது. ஒவ்வொரு மீனும் பல தரம் ஏமாந்து தெளிந்த மீன். வாய்ச் சொண்டைப் பார்த்தால் மூக்குத்தி குத்தித் தூர்ந்த மாதிரித் தழும்பு. கரையில் மடக்குக் கதிரை போட்டு இருக்கிற நம்மவர் ஒருவர் சொல்லுவார்: "உதுகள் சிற்றிசன் எடுத்த மீன், தம்பி. உம்மடை புழுவுக்கெல்லாம் வராதுகள்."

அப்படிப்பட்ட ஏரியில் மீன் பிடிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மகளுக்கு ஒரு பெடியனைப் பிடித்துக்கொண்டது. ரூஜ் பக்கம் வீடு. மன்னார் ஆட்கள், கத்தோலிக்கர். நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவம், பிக்கரிங்கில் இருக்கிறோம். பெடியன் தங்கம். தாய் அதைவிடத் தங்கம். ஆனால் எதைக் கேட்டாலும் தாய் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அவர் சொன்னாச் சரி." அவர் என்றால் பெடியனின் தகப்பன். அவரோ எதுவும் சொல்லமாட்டார். தாலி கோயிலிலா, சேர்ச்சிலா, இரண்டிலுமா, எப்போது, ஒன்றுக்கும் பதில் இல்லை. தகப்பன் தன் வாயால் ஓம் என்று சொல்லாமல் தான் கட்டமாட்டேன் என்று பெடியன் சொல்லிவிட்டான். அதுதான் தனக்கும் என்று மகள் சொல்லிவிட்டாள். மார்க்கத்துக் கல்யாண மண்டபக்காரனோ, "அண்ணை, அடுத்த வருசத்துக்கு ஒரு நாள்தான் கிடக்கு. ஒக்டோபரிலை தாங்ஸ்கிவிங் வரைக்கும் பிடிச்சு வைப்பன், பிறகு குடுத்திடுவன்" என்று நாளைக்கு ஒரு தரம் கோல் எடுத்துக்கொண்டிருந்தான்.

தகப்பன் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் மனிசி ரோல்ஸ், பற்றிஸ், வடை என்று மேசையை நிரப்பினாள். அவர் எல்லாவற்றையும் சாப்பிட்டார், ஒன்றும் பேசவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. காலநிலை, காப்புறுதி, நெடுஞ்சாலை, எல்லாம் தனியே கதைத்து முடித்தேன். போகும்போது வாசலில் நின்று, என் அலுமினிய வள்ளத்தைப் பார்த்து அவர் கேட்டார்:

"உது ஆரின்ரை வள்ளம்?"

"என்ரைதான் அண்ணை. பாஸ் பிடிக்கப் போறனான்."

"ம்."

அந்த "ம்" ஐப் பிடித்துக்கொண்டேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்றால், வள்ளத்தில் வைத்து அடித்தால் இன்னும் கெதியாய் நகரும் அல்லவா?

மே மாதம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அது பாஸ் பிடிக்கக்கூடாத காலம். பாஸ் கரைக்குக் கிட்டக் கூடு கட்டி முட்டை இட்டிருக்கும். ஆண் மீன் காவல் நிற்கும். ஜூன் கடைசி மட்டும் தொடக்கூடாது என்பது சட்டம். ஆனால் விசயம் தெரிந்தவர்கள் அப்போதுதான் இடம் பார்ப்பார்கள். எங்கே கல்லு, எங்கே பாசி, எங்கே விழுந்த மரம் என்று. பெண் பார்க்கப் போவது மாதிரித்தான், தொடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும். தூண்டில் தடியை வீட்டில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் வெறும் கையோடு ஏரி நடுவில் இருந்தோம்.

மனிதர் வாயைத் திறந்தார். திறந்தது மூடவில்லை. தன் முழங்கால், தன் முழங்காலைப் பார்த்த டொக்டர், டொக்டரின் பார்க்கிங், பக்கத்து வீட்டு நாய், அந்த நாய் தன்னை மட்டும் பார்த்துக் குரைப்பதன் காரணம். எனக்கே இடம் கிடைக்கவில்லை. கல்யாணக் கதையை எடுக்க நா துடித்தது. ஆனால் மனிசி சொல்லி அனுப்பியிருந்தாள்: "இண்டைக்கு ஒண்டும் கேட்காதேங்கோ. முதல் பழகுங்கோ. பதறாத காரியம் சிதறாது." சரி என்று வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று பிறகுதான் விளங்கியது.

ஜூன் கடைசியில் பாஸ் பிடிக்கிற காலம் திறந்த சனிக்கிழமை. ஏரியைப் பார்த்தால் தமிழ்க் கடை வாசலில் சனி பின்னேரம் பார்க்கிங் தேடுகிற மாதிரி இருந்தது. பெரிய வள்ளம், சின்ன வள்ளம், நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை, காற்றடித்த பிளாஸ்டிக் அன்னப்பறவைக்கு மேல் ஒரு மனிதன், கையில் தூண்டிலோடு. என்னுடைய மீன் காட்டும் பெட்டியில் தெரிந்ததெல்லாம் அடுத்த வள்ளக்காரனின் தூண்டில்தான்.

இவர் முன்பக்கம் இருந்து தடியை வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"மாஸ்டர், மீன் கடிக்கேக்கை கதைக்கப்படாது."

கார் பழக்குகிறவனை ஊரெல்லாம் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படியே.

"இல்லை அண்ணை, கதைக்க மாட்டன்."

"ஒண்டு வந்தா மிச்சமும் கிட்ட நிக்கும். அந்த நாள் முழுக்கக் கதை இல்லை. எங்கடை ஆக்களுக்கு அது பழக்கம்."

நல்லவேளையாக ஒன்றும் கடிக்கவில்லை. அரை மணித்தியாலம் போக முழங்கால் வந்தது. பிறகு டொக்டர் வந்தார். பிறகு நாய். நாய் முடிய அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, நான் கேட்காமலேயே, சொன்னார்:

"பெடியன் கோயிலிலை தாலி கட்டுறதிலை எனக்குப் பிரச்சினை இல்லை மாஸ்டர். ஆனா…"

என் தடி வளைந்தது.

சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரம் பார்த்து, ஊரே எறிந்து களைத்த இடத்தில், ஒரு பாஸ் வந்து என் புழுவை விழுங்கியது. அவர் பேச்சை நிறுத்தினார். வலையை நீட்டினார். மீனைப் பார்த்தார். உதட்டில் விரலை வைத்தார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் நடை சாத்திய கோயில் மாதிரி இருந்தோம். திரும்பி வரும்போது காரில் நித்திரை. வீட்டு வாசலில், "ம்."

எங்கள் வீட்டில் அன்றிரவு "ஆனா" வை மேசையில் வைத்து அறுத்துப் பார்த்தோம். மனிசி முதலில் கேட்டது நேரத்தை.

"எத்தினை மணிக்குச் சொன்னவர்?"

"ஒரு பத்துப் பத்தரை இருக்கும்."

"சனிக்கிழமை ஒன்பதிலையிருந்து பத்தரை ராகுகாலம் எண்டு தெரியாதோ? அந்த நேரம் வாயைத் திறக்க விட்டனியளே!"

"நான் திறக்கேல்லை. அவர் தானாத் திறந்தவர்."

"நீங்கள் மூடியிருக்கோணும்."

அவளுடைய பயம் வேறு. 'ஆனா பொம்பிளை ஞானஸ்நானம் எடுக்கோணும்' என்று சொல்ல வந்திருப்பார் என்று அவள் நம்பினாள். எனக்கு, 'ஆனா சேர்ச்சிலையும் வைக்கோணும்' என்றுதான் பட்டது. அதற்கென்ன, இரண்டு சாப்பாடு. மகளுக்கோ ஆத்திரம் முழுக்க என்னில்.

"அப்பா, ஆன்சரை விட்டிட்டு மீனைப் பிடிச்சியளோ? ஆர் யூ சீரியஸ்?"

"அது தானா வந்தது பிள்ளை."

"அப்ப இனி வராமல் பாருங்கோ!"

அவள் கோபத்தில் சொன்னாள். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். கணக்கு எளிது: தரையில் அவர் பேசமாட்டார். தண்ணீரில் பேசுவார், மீன் கடிக்காவிட்டால். ஆகவே மீன் கடிக்கக்கூடாது.

தூண்டில் விழுந்து விழுந்து அடிபட்ட ஏரியில் பாஸ் பிடிக்க விசயகாரர் சொல்லும் உபாயங்கள் எல்லாம் எனக்குப் பாடம். கோடையில் விடியப் போ, இல்லாவிட்டால் பொழுதுபட. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தங்கூசி நூலைக் கட்டு. சின்னப் புழுவைப் போடு, ஆட்டாதே, அது அசைகிறதா இல்லையா என்று மீனுக்கே சந்தேகம் வரவேண்டும். மற்றவர் எறியாத இடத்தில் எறி. சத்தம் போடாதே. நான் அவ்வளவையும் தலைகீழாகச் செய்தேன். ஜூலை மாதம், உச்சி வெயில். ஊர் முழுக்க எறிகிற பாலத்தடி. அம்மியைக் கட்டி இறக்கக்கூடிய மொத்த நூல். கடையில் கழிவு விலைக் கூடையில் எடுத்த ஒரு பிளாஸ்டிக் தவளை, சிவப்பும் மஞ்சளும், இழுத்தால் தண்ணீரில் "பளக் பளக்" என்று பாத்திரம் கழுவுகிற சத்தம். காலையும் வள்ளத்து அடியில் நாலு தரம் தட்டினேன்.

"முழங்கால் எப்பிடி அண்ணை?" என்று தொடக்கியும் கொடுத்தேன்.

"இப்ப பரவாயில்லை மாஸ்டர். அந்த டொக்டர் இருக்கிறானெல்லோ…"

தவளை மூன்றாம் தரம் "பளக்" என்றது. தண்ணீர் வெடித்தது. அந்தக் கோடையில் அந்த ஏரியில் யாரும் பிடிக்காத பெரிய பாஸ் அது என்று பிறகு சொன்னார்கள். டொக்டர் பாதியில் நின்றார்.

கரையில் கதிரைக்காரர் விளக்கம் வைத்திருந்தார். "ஒவ்வொரு நாளும் புரோக்கோலி குடுத்து வளர்த்த பிள்ளையின்ரை வாசலிலை ஐஸ்கிறீம் வான் வந்தா என்ன செய்யும்? நீர் விண்ணன், தம்பி!"

அப்படி ஒரு கெட்டிக்காரன் நான் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அடுத்த கிழமையும் பிடித்தேன். அதற்கு அடுத்த கிழமை தூக்கம் வந்து தடியை வைத்துவிட்டிருந்தேன். தவளை தானாக மிதந்து போய்த் தானாக மீனைப் பிடித்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்கள். எனக்கு நழுவவும் இல்லை. அவரோ நாளுக்கு நாள் சந்தோசமாகி, நாளுக்கு நாள் ஊமையானார்.

ஆவணியில் ஊரில் நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறியது. இங்கே அது ஒரு பெரிய பருவம். மீன்பிடிப் புத்தகம் எழுதுகிற வெள்ளைக்காரருக்குத் தெரியாத பருவம். திருவிழா முடியுமட்டும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் மீன், இறைச்சி எந்த மச்சமும் தொடமாட்டார்கள். ஏரி சட்டென்று காலியாகும். அடி ஓய்ந்த மீன் பயம் தெளிந்து எதையும் கடிக்கும். வேறு வருசம் என்றால் எனக்கு அது கொண்டாட்டம். இந்த வருசம் பேரிடி. போகாமல் இருப்போம் என்றால் அவரே எடுத்தார். தொலைபேசியில் அவர் எடுத்த முதல் கோல்.

"மாஸ்டர், உங்கடை ஆக்களுக்கு விரதம். லேக் காலி. வாறியளோ?"

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பெடியனின் தகப்பன். போனோம். கடித்தது. எறிந்தால் கடித்தது, எறியாவிட்டாலும் துள்ளித் துள்ளிப் பார்த்தது. ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்தால் மனிசி கதவைத் திறக்கமாட்டாள். உள்ளே தொலைக்காட்சியில் நல்லூர்த் திருவிழா ஓடுகிறது. "மீன் தொட்ட கையோடை உள்ளுக்கு வராதேங்கோ! குழாயிலை முழுகிப்போட்டு வாங்கோ!" வாசலில் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று, புல்லுக்குத் தண்ணீர் விடுகிற குழாயால் தலையில் ஊற்றிக்கொண்டேன். நாயோடு போன அயல்வீட்டுச் சீனக் கிழவர் நின்று பார்த்து, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். சளி பிடித்தது.

புரட்டாதி பிறக்க எனக்குப் பயம் கூடியது. இலை நிறம் மாறினால் பாஸ் குளிருக்குச் சேமிக்கத் தொடங்கும். சின்ன மீன்களைக் குடாவுக்குள் துரத்தித் துரத்தித் தின்னும். வருசத்தில் ஆகக் கூடப் பசிக்கிற காலம் அதுதான். எங்கள் தவணை முடிவதும் அதற்குள்தான். மண்டபக்காரன் இப்போது காலையும் மாலையும் எடுத்தான். மகள் என்னோடு பேசுவதை விட்டுவிட்டு, "எனி வேர்ட்?" என்று மெசேஜ் மட்டும் அனுப்பினாள். மனிசி ஏரிக்கே நேர்த்தி வைத்திருந்தாள், மீன் எல்லாம் வேறு பக்கம் போகவேண்டும் என்று.

என்னைக் காப்பாற்றியது கடவுள் அல்ல, நம்முடைய சனம். ஒருவன் ஒரு மூலையில் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று கேட்டு, அதே மூலையில் போய்ச் சிரிக்கிற சனம் நாங்கள். தாங்ஸ்கிவிங் சனிக்கிழமை மதியம் போய்ப் பார்த்தால் பாலத்தடியில் வள்ளத்துக்கு வள்ளம் முட்டுகிறது. எல்லார் நூலிலும் சிவப்பு மஞ்சள் தவளை. எல்லாரும் காலால் வள்ளத்தைத் தட்டுகிறார்கள். அன்னப்பறவைக்காரனும் தட்டுகிறான், அது காற்று என்பதால் சத்தம் வரவில்லை. "பளக் பளக் பளக்" என்று ஏரி முழுக்கக் கலியாண வீட்டுச் சட்டி பானை கழுவுகிறார்கள்.

"மாஸ்டர் அண்ணை! எத்தினை தரம் தட்டோணும்?" என்று ஒருவன் கத்தினான்.

"மனசுக்குப் பட்ட அளவு!" என்றேன்.

மீனுக்கு இரண்டு கிழமைக்குள் பாடம் தெரிந்துபோயிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. நாங்கள் கொஞ்சம் விலகி, ஆழமான பக்கம் போய் மோட்டரை நிறுத்தினோம். அவர் எனக்கு முதுகைக் காட்டி முன்பக்கம் இருந்தார். முழங்கால் வந்தது. டொக்டர் வந்தார். நாய் வந்தது, நாய் செத்துப்போய்விட்டது என்றும் அதற்காகத் தான் கவலைப்பட்டது தனக்கே ஆச்சரியம் என்றும் சொன்னார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ராகுகாலம் எப்போதோ போய்விட்டது. ஆத்திரத்தை அடக்கினால்தான் அலுவல் என்று மெதுவாகத் தொடங்கினேன்.

"அண்ணை, ஜூன் மாசம் ஒரு 'ஆனா' சொன்னனியள்."

"எந்த ஆனா?"

"கோயிலிலை தாலி கட்டுறதிலை பிரச்சினை இல்லை, ஆனா… எண்டு."

அவர் யோசித்தார். மேகம் ஒன்று முழுதாய்க் கடந்து போகுமட்டும் யோசித்தார்.

"மறந்து போச்சு மாஸ்டர்."

நாலு மாதம். மூன்று பேர். ஞானஸ்நானம் வரைக்கும் போய்வந்தோம்.

"சாப்பாட்டு விசயமாயிருக்கும்," என்றார். "அது பெரிசில்லை. காலமை சேர்ச்சிலை ஃபாதர் ஆசீர்வாதம் குடுக்கட்டும், பிறகு உங்கடை கோயிலிலை கட்டட்டும். பிள்ளையளின்ரை விருப்பம். எனக்கு வேறை ஒரு கதை."

அந்த நொடி என் தடி இழுபட்டது.

சின்ன இழுவை இல்லை. தடியின் நுனி தண்ணீருக்குள் போனது. இவ்வளவு நாளும் இந்த ஏரியில் நான் காணாத பாரம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தடியின் பிடியைத் தொடைக்கு அடியில் வைத்து, அதற்கு மேல் என் முழுப் பாரத்தையும் போட்டு இருந்துகொண்டு, சாதாரணக் குரலில் கேட்டேன்:

"என்ன கதை அண்ணை?"

"இல்லை… உங்கடை மனிசி என்ரை மனிசியோடை கதைக்கேக்கை சொன்னவவாம்."

"என்னவாம்?"

வள்ளம் மெதுவாகத் திரும்பத் தொடங்கியது. மொத்த நூல், அறுகிற நூலா அது? பாலம் எங்கள் இடப்பக்கம் இருந்தது, இப்போது பின்னால் போனது.

"காத்து மாறுது போலை," என்றார்.

"ஓம் அண்ணை, காத்துத்தான். என்னவாம் சொன்னவ?"

"கலியாணம் முடிஞ்சா உந்த வள்ளத்தை வித்துப்போட்டு வாசலைத் துப்புரவாக்கோணும் எண்டு."

அவர் முதுகு இன்னும் என் பக்கம்தான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடரி மயிர் வெட்டி நாளாகியிருந்தது. கல்யாணம் முடிந்தால் இந்த மனிதருக்குச் சனிக்கிழமை என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் ஓடியது. அவர் நாலு மாதமாக எதைத் தள்ளிப்போட்டார் என்பதும். வள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, பாலம் திரும்ப இடப்பக்கம் வந்தது. என் தொடை மரத்துப் போயிற்று.

"ஆர் அண்ணை விக்கிறது?" என்றேன். "அவ ஆயிரம் சொல்லுவா. பனி கரைஞ்சா மே மாசம் இடம் பார்க்கப் போறோம். வீட்டிலை பேரப்பிள்ளை பிறந்தாலும் போறோம்."

"உண்மையாவோ?"

"மீன் மேலை சத்தியம்."

"அப்ப சரி," என்றார். "அடுத்த வருசம் அந்த நாளையே வையுங்கோ. ஓம் எண்டு மண்டபக்காரனுக்குச் சொல்லுங்கோ."

வாயால் பிழைக்கிறவன் நான், அவர் முதுகைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் இன்னும் திரும்பாமலே, வலையைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்:

"சம்பந்தி, உந்த மீனை இனி இழுங்கோ. பாவம், அதுவும் எவ்வளவு நேரம் பொறுக்கிறது."

நான் எழும்பித் தடியைப் பிடித்தேன். தண்ணீருக்குள் பச்சை முதுகு ஒன்று பாயை விரித்த மாதிரித் திரும்பியது. சம்பந்தி குனிந்து வலையை இறக்கினார். அந்த நேரம் பார்த்து என் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. மகள். எடுக்கக் கையைக் கொண்டுபோனேன். சம்பந்தி நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்தார்.

என்ன செய்கிறது, இனி இவர் சொந்தக்காரர். எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, பிறகு திரையில் ஒரு மெசேஜ் வந்து விழுந்தது:

"அப்பா, திரும்பவும் மீன் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, பிளீஸ்."